நிறுத்தி வைத்த ஏழு புத்தகங்கள்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் இடம் அக்கா என்பார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. காலையில் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு அவள் கணினியைத் திறப்பதற்குள் யாராவது ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தலையைச் சொறிவார்.

"அக்கா, கொஞ்சம் இடம் வேணுமே."

"போன வாரம் வாங்கிட்டுப் போனது என்ன ஆச்சு?"

"அது பத்தலக்கா. கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற கூட்டம்ப்பா இது," என்று முனகுவாள். ஆனால் கொடுத்துவிடுவாள். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று யாராவது சொன்னால் அவளுக்கு மனசு இளகிவிடும். அந்த இளகல்தான் பிறகு அவளைப் படாத பாடு படுத்தியது.

வெளியிலிருந்து கேட்பவர்கள் ஏதோ மனை விற்கிற அலுவலகம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அக்காவிடம் வந்தவர்கள் கேட்டது கணினியின் நினைவகத்தில் இடம். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு டஜன் பேர் சேர்ந்து படிக்கும் பெட்டி என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பார்வை மங்கியவர்களுக்கானது. டிபன் பாக்ஸ் அளவு பெட்டி, அதன் தலைக்கு மேல் வளைந்த ஒரு கை, கையின் நுனியில் கேமரா. கேமராவுக்குக் கீழே புத்தகத்தை விரித்து வைத்துப் பெரிய பட்டனை அமுக்கினால் படம் எடுத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கும். நடுப் பட்டன் நிறுத்தி வைக்க. ஓரப் பட்டன் முடிக்க. அவ்வளவுதான் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் எல்லாருக்கும் படியளக்கிற அடித்தள நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதில் இடம் சம்பந்தமான பகுதிக்கு இவள்தான் எசமானி.

நினைவகம் என்பது ஒரே அளவான சின்னச் சின்னக் கட்டங்கள். எந்த நிரல் இடம் கேட்டாலும் கெர்னல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாக இருப்பதைப் பொறுக்கிக் கொடுக்கும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடமும் வைத்துக்கொள்ளும். தன் கட்டங்கள் சிதறிக் கிடப்பது வாங்கிய நிரலுக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டு தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். ஆனால் இவர்கள் பெட்டியில் போட்ட கேமரா மலிவுச் சரக்கு. அதற்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. படத்தை ஒரு கட்டத்தில் கொட்ட ஆரம்பித்தால் நேராகக் கொட்டிக்கொண்டே போகும். ஆகவே அதற்கு ஆயிரக்கணக்கான கட்டங்கள், நடுவில் ஒன்றுகூட விடாமல், ஒரே வரிசையில் வேண்டும்.

அவ்வளவு இடத்தையும் நாள் முழுக்கக் காலியாகப் பூட்டி வைக்க வசதியில்லை. பெட்டியில் இருப்பதே சொற்பம். அதனால் இடம் அக்கா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கேமராவுக்கென்று ஒரு நீண்ட வரிசை. கேமரா சும்மா இருக்கும்போது அதில் மற்றவர்கள் இருந்துகொள்ளலாம். கேட்ட நொடியில் எழுந்துவிட வேண்டும். பட்டனை அமுக்கியதும் கெர்னல் வரிசையின் ஒரு முனையிலிருந்து கிளம்பும். மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய சரக்கு என்றால் தூக்கிப் போடும். காப்பாற்ற வேண்டியது என்றால் வேறு கட்டத்தில் நகலெடுத்து வரைபடத்தைத் திருத்திவிடும். மறுமுனையை எட்டும்போது வரிசை துடைத்துவிட்டாற்போல் காலி. இத்தனையும் ஒரு மூச்சு நேரத்தில் நடந்துவிடும்.

நகராதவர்களும் உண்டு. ஏதாவது ஒரு சாதனம் ஒரு கட்டத்தை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தால் அதை யாரும் தொடக்கூடாது. அந்தக் கட்டத்துக்கு ஆணி அடித்தாயிற்று என்று அர்த்தம். ஆயிரம் பேர் எழுந்து வழிவிட்டாலும் ஒரே ஒருவர் உடும்புப் பிடியாக உட்கார்ந்திருந்தால் வரிசை கிடைக்காது, படம் கிடையாது.

பெட்டிக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று சின்னக் குரல். கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும், ஆனால் தகர டப்பாவுக்குள் ஒருவனை அடைத்துப் படிக்கச் சொன்னது போல இருக்கும். இன்னொன்று பெரிய குரல். அது நிறைய இடம் தின்னும். தின்னட்டும், அது மனுஷக் குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வேறு யாருமில்லை, இடம் அக்காவைப் பெற்ற அம்மாதான். ரேடியோவில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவள். மகள் கேட்டாள் என்பதற்காக வாரக்கணக்கில் அலுவலகத்தின் சாமான் அறையில், சுவரெல்லாம் எதிரொலி அடங்க ரஜாய்ப் போர்வை தொங்கவிட்ட புழுக்கத்தில் உட்கார்ந்து, "மூன்று தவளைகள் நாற்காலி வாங்கின" என்பது போன்ற வாக்கியங்களை நாட்டின் நிதிநிலையை அறிவிப்பது போல வாசித்துக் கொடுத்திருந்தாள்.

இங்கேதான் குடும்பத்துச் சிக்கல் நுழைகிறது.

இடம் அக்காவின் மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துகிற புரூஃப் ரீடராக இருந்தவர். கல்யாணம் நிச்சயமான நாளில் பெண்வீட்டார் அச்சடித்த அழைப்பிதழை அவர் கையில் கொடுத்தார்கள். எல்லாரையும் போல வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே! மனிதர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சபை நடுவே சொன்னார்: "ஓரம் ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு. முதல் கோணல் முற்றும் கோணல்னு சொல்வாங்க."

மணப்பெண்ணின் அம்மா, செய்தி வாசிக்கிற அதே நிதானத்தில், திருப்பிக் கொடுத்தாள்: "உங்க கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும் போலிருக்கு."

கல்யாணம் ஒரு கோணலும் இல்லாமல் நடந்தது. கோணிக்கொண்டது சம்பந்திகள் இருவரும்தான். அன்றிலிருந்து நேர்ப் பேச்சு கிடையாது. ஒரே கூடத்தில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "டீ ஆறுதுன்னு சொல்லும்மா" என்று ஒரு குரலும், "எனக்குச் சூடு ஆகாதுன்னு சொல்லும்மா" என்று ஒரு குரலும் வரும். நடுவில் நின்று செய்தி கடத்தியே இடம் அக்காவின் ஆயுசில் பாதி போயிற்று. பிள்ளை, அதாவது அவளுடைய கணவன், லிப்ட் மெக்கானிக். மாமியார் வருகிறாள் என்றால் அன்றைக்கென்று ஊரில் எல்லா லிப்ட்டும் பழுதாகிவிடும் அவனுக்கு.

மாமனாருக்குப் போன வருஷம் பார்வையின் நடுப்பகுதி மங்க ஆரம்பித்தது. ஓரங்கள் மட்டும் தெரியும். நடப்பார், டீ குடிப்பார், படியிறங்குவார். எழுத்தைப் பார்த்தால் மட்டும் எழுத்து இருக்கிற இடத்தில் ஒரு புகை. வாழ்நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே சோறு தின்றவர். புத்தகங்களையெல்லாம் கட்டிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அது அவளுக்குத் தாங்கவில்லை. சோதனைக்கு வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அந்தக் குரலோடவா?" என்று கணவன் பதறினான். "அப்பா கண்டுபிடிச்சாருன்னா பெட்டி ஜன்னல் வழியாப் போயிடும்."

"தகரக் குரலைக் கேட்டா அவரே ஜன்னல் வழியாப் போயிடுவார். நீங்க வாயைத் திறக்காம இருங்க, போதும்."

மாமனார் முதல் பக்கத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "பரவாயில்ல. உச்சரிப்பு சுத்தமா இருக்கு," என்றார். மறுநாளே பரணிலிருந்து புத்தகங்கள் இறங்கின. அவர் அறையிலிருந்து நாள் முழுக்க அம்மாவின் குரல் கேட்டது. நடு நடுவே அவர் தனியாகச் சிரிப்பதும் கேட்டது. அந்தச் சிரிப்பை முதல் தடவை கேட்டபோது அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கொஞ்சம் அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

நாலு நாள் கழித்து மாமனார் பட்டனை அமுக்க, பெட்டி படிக்கவில்லை. "மன்னிக்கவும். படம் எடுக்க முடியவில்லை," என்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி அதே.

இடம் அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே செருகினால் தங்கமாக வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாலு நாளில் மறுபடி மன்னிக்கவும். ஒயரைப் பிடுங்கினால் நினைவகம் துடைக்கப்பட்டுவிடும். எந்தக் கட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்கிற தடயமும் அதோடு போய்விடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதை. அலுவலகத்தில் இருந்த பெட்டிகளோ மாதக்கணக்காக ஓடியும் ஒரு மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை.

முதலாளிக்கு, அவர் முதுகுக்குப் பின்னால், சனிக்கிழமை என்று பெயர். எந்த வேலைக்கும் அவர் வைக்கிற கெடு சனிக்கிழமைதான். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். பார்வையற்றோர் நூலகத்திலிருந்து பெட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்துவிட்டால் நூலகம் முழுவதற்கும் வாங்குவார்கள்.

"வர்ற சனிக்கிழமை," என்றார் அவர். "அதுக்குள்ள சரியாகலைன்னா, அந்தக் கேமரா வரிசையை யாருக்கும் கொடுக்காமப் பூட்டி வெச்சிடலாம். அப்போ கேமராவுக்கு எப்பவும் இடம் இருக்கும்ல?"

"இருக்கும் சார். ஆனா மீதி இடத்துல பெரிய குரல் அடங்காது."

"சின்னக் குரலைப் போட்டுக்கலாம்மா. மன்னிப்புக் கேக்கற அழகான குரலை விடப் படிக்கற தகரக் குரல் மேல் இல்லையா?"

நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. சனிக்கிழமைக்குப் பிறகு மாமனார் அறையிலிருந்து தகரம் கேட்கும். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டி அலுவலகத்துக்கு வந்தால் தடயம் அழிகிறது என்றால், அலுவலகம்தான் பெட்டியிடம் போக வேண்டும். விடுமுறை நாளில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாமனார் அறைக்குள் போனாள். ஆணி அடித்த கட்டங்கள் எல்லாவற்றையும், அடித்தது யார் என்பதோடு காட்டுகிற ஒரு சின்ன வேவு நிரலை எழுதியிருந்தாள். பெட்டியில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையைக் கணினியில் மாட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டாள்.

"மாமா, நீங்க எப்பவும் போலப் படிங்க. நான் இங்க இருக்கறதையே மறந்துடுங்க."

"காலடியில கம்பியோட உக்காந்திருக்கறவளை எப்படிம்மா மறக்கறது?"

ஆனாலும் மறந்துவிட்டார். ஒரு துப்பறியும் நாவலை விரித்தார். கொலைகாரன் யார் என்று சொல்லப் போகிற இடத்தில் நடுப் பட்டனைத் தட்டி நிறுத்தினார். நாவலை ஒதுக்கிவிட்டுத் தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தார். இராணித் தேனீ கூட்டை விட்டுக் கிளம்புகிற இடத்தில் அதையும் நிறுத்தினார். அடுத்தது அகராதி. மனிதர் அகராதியைக் கதைப் புத்தகம் போலப் படிப்பவர். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவள் திரையில் ஓர் ஆணி முளைத்தது. அடித்தது, குரலை வெளியே விடுகிற ஒலிச் சாதனம்; நிறுத்திய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. முளைத்த ஆணி எதுவும் போகவில்லை. இதுவரை எல்லாம் கேமரா வரிசைக்கு வெளியே விழுந்திருந்தன; என்றைக்காவது ஒன்று உள்ளே விழுந்தால் போதும், மன்னிக்கவும்தான்.

"மாமா, அந்தத் துப்பறியும் கதையை முடிக்கலையா?"

"நிறுத்தி வெச்சிருக்கேன்ம்மா. ஏழு புத்தகம் அப்படி நிக்குது. அதுக்கென்ன இப்போ?"

"ஏழா!"

"நான் வேலை பாத்தப்போ மேசையில எப்பவும் ஏழெட்டு புரூஃப் விரிஞ்சு கிடக்கும். ஒண்ணு அலுத்தா இன்னொண்ணு. அப்படிப் பழகின கை."

"வேற புத்தகத்துக்குப் போறப்போ ஓரப் பட்டனை அமுக்கி முடிச்சுடணும் மாமா."

"அதை நான் அமுக்க மாட்டேன்." குரல் விறைத்துக்கொண்டது.

"ஏன் மாமா?"

"ஒருத்தங்க பாதி வாக்கியம் பேசிக்கிட்டு இருக்கறப்போ, 'போதும், முடி'ன்னு சொல்றதா? நல்லா இருக்கே! 'கொஞ்சம் இருங்க'ன்னு சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை. அதுவும் சம்பந்திகிட்ட."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையில் இருந்த அகராதியை மூடித் திறந்து மூடினார். இடம் அக்காவுக்குத் திரையும் மறந்துவிட்டது, ஆணியும் மறந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"முதல் வரியிலேயே தெரியும். எத்தனை வருஷம் ஷேவ் பண்ணிக்கிட்டே கேட்ட செய்தி அது. சண்டை போட்டதுக்கப்புறம்கூட ஒரு நாள் ரேடியோவை அணைச்சதில்ல."

"அப்புறம் ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னாப் பேச்சு நின்னுடும்ல. இப்போ பாரு, அவங்களும் பேசறாங்க, நானும் கேக்கறேன், ரெண்டு பேரும் இறங்கி வர வேண்டிய அவசியம் இல்ல." பிறகு சின்னப் பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவுமில்லாம நாலு நாளைக்கு ஒருதரம் 'மன்னிக்கவும்'னு வேற சொல்றாங்க. அதைக் கேக்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? நீ அவசரப்பட்டு அதைச் சரி பண்ணிடாதே."

அவளுக்கு வந்த சிரிப்பில் கம்பி பிடுங்கிக்கொண்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "சரி பண்ணலைன்னா சனிக்கிழமைக்கப்புறம் அந்தக் குரலே இருக்காது மாமா. தகரம்தான் பேசும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ சரி பண்ணிடும்மா," என்றார். "மன்னிப்பு வேண்டாம். குரல் இருக்கட்டும்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. பழுதின் மூலம் வீட்டிலேயே இருந்தது. அதைவிடக் கேவலம், அது அவளிடமே இருந்தது. ஒலிச் சாதனத்துக்கான அந்த நிரல் அவள் கையால் எழுதியது. கட்டத்துக்கு ஆணி அடிக்கக் கெர்னலில் இரண்டு வழிகள் உண்டு. சற்று நேரம் பிடித்துக்கொள்கிறேன் என்று அடிக்கலாம். வெகு நேரம் ஆகலாம் என்றும் அடிக்கலாம். பேச்சை நிறுத்தி வைத்தால் எவ்வளவு நேரம் நிறுத்தப் போகிறார்கள், தண்ணீர் குடிக்கிற நேரம்தானே என்று நினைத்து, முதல் வழியைப் போட்டிருந்தாள். சோதனை செய்கிறவர்களும் அவளைப் போலவே நினைத்தார்கள். நிறுத்துவார்கள், பத்து வரை எண்ணுவார்கள், தொடர்வார்கள், முடி என்று அமுக்குவார்கள். சம்பந்திக்கு மரியாதை கொடுத்து நாள் கணக்கில் நிறுத்தி வைக்கிற ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க தொழில்ல தினமும் பாக்கறதுதானே. லிப்ட் கதவைக் காலால பிடிச்சுக்கிட்டு 'ஒரு நிமிஷம்'னு சொல்றவன் ஒருத்தன் போதும். பத்து மாடியும் நின்னுடும்." பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா! எனக்கு மட்டும் யாரும் எதையும் சொல்றதில்ல," என்று குறைப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் அலுவலகத்தில் முதலாளி விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். "இவ்வளவுதானா! நிறுத்தினா ஒரு நிமிஷத்துல தானா முடிஞ்சுடற மாதிரி வெச்சிடும்மா. வேலை முடிஞ்சுது."

"முடியாது சார்."

"ஏன் முடியாது? ரெண்டு வரி வேலை."

"ரெண்டு வரிதான். ஆனா நிறுத்தி வெச்சவங்க திரும்பி வர்றப்போ வாக்கியம் அங்கேயே இருக்கணும். அதுக்குத்தான் நிறுத்தி வெச்சாங்க."

அவள் குரலில் இருந்த சூட்டைப் பார்த்து அவர் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திருத்தம் பெரிய வேலையில்லை. ஒலிச் சாதனம் ஆணி அடிக்கக் கேட்டால், வெகு நேரம் ஆகலாம் என்கிற இரண்டாம் வழியில் கேட்க வைத்தாள். அப்படிக் கேட்டால் கெர்னல் முதலில் அந்தக் கட்டம் கேமரா வரிசைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வெளியே ஓர் இடத்துக்கு நகர்த்திவிட்டு அங்கே ஆணி அடிக்கும். உட்கார்ந்த பிறகு எழுப்ப முடியாதவர்களை உட்காருவதற்கு முன்னாலேயே ஓரமாக உட்கார வைத்துவிடுவது, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி வரிகள். ஆனால் அதை மனசார எழுதுவதற்கு, அவளுடைய செல்லச் சொல்லான 'கொஞ்ச நேரம்தானே' என்பதை அவள் விட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இடம் கேட்டு வருகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. "எவ்வளவு நேரத்துக்கு? உண்மையைச் சொல்லு."

புது நிரலைப் போட்டு வீட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். மாமனார் அக்கறையாக ஏழையும் மறுபடி நிறுத்தி வைத்தார். நாலு நாள் போயிற்று. மன்னிக்கவும் வரவில்லை.

"இப்போ பட்டனை அமுக்கினா ஒரு மூச்சு தாமதமா வருது," என்று மட்டும் குறை சொன்னார். கண் போனாலும் புரூஃப் ரீடர் புரூஃப் ரீடர்தான்.

"எப்பவும் இருந்ததுதான் மாமா. உள்ள எல்லாரும் எழுந்து வழி விடறாங்க."

"சரி, அப்போ பொறுக்கலாம்."

சனிக்கிழமை நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் கூட்டம் கூடியது. தலைமை நூலகர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இடுப்பில் சாவிக்கொத்து, உதட்டில் எப்போதும் ஒரு குறும்பு. நிறுவனத்து ஆட்கள் செய்துகாட்டுவதை நம்ப மாட்டேன், தினமும் உபயோகிக்கிற ஒருவர் வரட்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். ஆகவே மாமனார் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். குரல் கொடுத்தவரையும் முதலாளி அழைத்திருந்தார். அம்மா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மூச்சுக் கூட விடாமல் இருந்தாள். மாமனாருக்கு எல்லாம் தெரியும் என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது. மகள் சொல்லவில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் கடத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மாமனார் ஏழு புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்து, படிக்கவிட்டு, நிறுத்தினார். "நானும் சேர்றேன்," என்று தலைமை நூலகர் தன் பங்குக்கு அலமாரியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து நிறுத்திக்கொண்டே போனார். இத்தனை புத்தகங்கள் ஒரே சமயத்தில் நிற்பதை இடம் அக்கா சோதித்துப் பார்த்ததில்லை. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

கடைசியாகப் பெரிய பட்டன். ஒரு மூச்சு. பெட்டி பேசவில்லை. இரண்டாவது மூச்சு. இடம் அக்கா 'மன்னிக்கவும்' என்று தொடங்கிவிடப் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

குரல் வந்தது. கடல்பயணம் பற்றிய ஒரு பத்தியை, காற்றையும் பாய்மரத்தையும், நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. முதலாளி கைக்குட்டையைப் பையில் வைத்தார்.

"படிக்குது, சரி," என்றார் தலைமை நூலகர். "குரலைப் பத்திச் சொல்லுங்க. நாள் முழுக்கக் கேட்டா அலுக்காதா?"

மாமனார் நடுப் பட்டனைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கூடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு ஓரப் பார்வையில்தான் தெரியும். ஆனால் முகம் நேராகத் தூண் இருந்த பக்கம் திரும்பியிருந்தது.

"என் கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும்னு ஒருத்தங்க ஒரு தரம் சொன்னாங்க," என்றார். "சரியாத்தான் சொன்னாங்க. அதான் தொழில். ஆனா இந்தக் குரலை நான் ரேடியோ காலத்திலேர்ந்து கேட்டுக்கிட்டு வரேன். என் காதுக்கு இதுவரைக்கும் ஒரு தப்புக்கூட அகப்படலை."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த வார்த்தை யாருக்கு என்று தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர்தான். தூணுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நூலகம் பெட்டிகளை எடுத்துக்கொண்டது, பெரிய குரலோடு. முதலாளி அடுத்த சனிக்கிழமைக்கு வேறொரு கெடு வைத்தார்.

மறுநாள் அம்மா வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் எதிரெதிர் நாற்காலி. பழக்க தோஷத்தில் இடம் அக்கா நடுவில் போய் நின்றாள். லிப்ட் மெக்கானிக் பழக்க தோஷத்தில் செருப்பை மாட்டினான்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "பெட்டியைச் சரி பண்ணிட்டா உங்க பொண்ணு. இப்பல்லாம் மன்னிப்பே கேக்க மாட்டேங்குது."

சொல்லும்மா என்று முடியாத வாக்கியம்.  அம்மா மகளைக் கையால் லேசாக ஓரமாக நகர்த்தினாள்.

"அதுக்கென்ன, நானே கேட்டுடறேன். மன்னிக்கவும்," என்றாள், செய்திக்குரலில். பிறகு செய்தியில் ஒருபோதும் கேட்காத குரலில், "கண்ணைப் பத்திப் பேசியிருக்கக் கூடாது," என்றாள்.

"ஓரம் அவ்வளவு ஒண்ணும் சாயலை," என்றார் அவர். "அரை நூல்தான்."

இடம் அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். நடுவில் நிற்க அவளுக்கு இனி வேலையில்லை. டீ கொண்டு திரும்பியபோது அம்மா அவர் கையிலிருந்து துப்பறியும் நாவலை வாங்கிக்கொண்டிருந்தாள். "கொலைகாரன் யாருன்னு தெரியாம இத்தனை நாள் எப்படி இருந்தீங்க? கொடுங்க இப்படி. அந்தப் பெட்டிக்கு எங்க மூச்சு விடணும்னு தெரியாது."

பெட்டி அப்போது அகராதியில் பாதி வாக்கியத்தில் இருந்தது. மாமனார் கையை நீட்டி நடுப் பட்டனைத் தொட்டார். "கொஞ்சம் இருங்க," என்று அதனிடம் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அம்மா படிக்க ஆரம்பித்தாள். டீ இரண்டும் ஆறின. ஆறுகிறது என்று யாரும் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. மேசை ஓரத்தில் பெட்டியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனி அது எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படி நிற்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.